டர்போ காருக்கு வீட்டிலேயே ‘கோல்ட் ஏர் இன்டேக்’ செய்யலாமா? தெரிந்துகொள்ள வேண்டியவை

மாலை ஆறு மணி. கூட்டரசு நெடுஞ்சாலையில் வழக்கமான ஜேம். அரை மணி நேரமாகக் கார் ஊர்ந்துகொண்டிருக்கிறது. முன்னால் கொஞ்சம் இடம் கிடைத்ததும் எண்ணெய் மிதியை அழுத்தினால், காலையில் வீட்டிலிருந்து கிளம்பியபோது இருந்த இழுவை இல்லை. “என்னாச்சு காடிக்கு?” என்று தோன்றும்.

டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. காருக்கு எதுவும் ஆகவில்லை. என்ஜின் சூடான காற்றைச் சுவாசிக்கிறது, அவ்வளவுதான்.

இதற்குத் தீர்வு என்று பலர் சொல்வது ‘கோல்ட் ஏர் இன்டேக்’. என்ஜின் அறையின் சூட்டிலிருந்து விலகி, வெளிக்காற்றை நேராக டர்போவுக்குக் கொண்டுவரும் குழாயும் வடிகட்டியும் சேர்ந்த அமைப்பு அது. கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும். விலையைப் பார்த்துவிட்டு, “ஒரு அலுமினியக் குழாய், ஒரு ஃபில்டர், நாலு கிளாம்ப். நாமே செஞ்சிடலாமே?” என்று யோசிப்பவர்களும் உண்டு.

செய்யலாம். ஆனால் சரியாகச் செய்யாவிட்டால் சில நூறு ரிங்கிட்டை மிச்சப்படுத்தப் போய், டர்போவையோ என்ஜினையோ இழக்க நேரிடும்.

சுருக்கமாக

• குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதில் ஆக்சிஜன் அதிகம். அதனால்தான் இழுவை கூடுகிறது.

• டர்போ காரில் இன்டர்கூலர் இருப்பதால், இன்டேக் மாற்றுவதால் கிடைக்கும் பலன் பலர் நினைப்பதைவிடக் குறைவு.

• பானட்டுக்குக் கீழே மூடி இல்லாமல் ஃபில்டரை மாட்டினால் அது சுடுகாற்று இன்டேக்தான்.

• காற்று அளக்கும் சென்சார் உள்ள குழாயின் விட்டத்தை மாற்றக்கூடாது.

• ஃபில்டரைத் தாழ்வாக வைத்தால், ஒரே ஒரு திடீர் வெள்ளம் என்ஜினை முடித்துவிடும்.

குளிர்ந்த காற்று எதற்கு?

பெட்ரோல் எரிய ஆக்சிஜன் வேண்டும். எவ்வளவு ஆக்சிஜன் உள்ளே போகிறதோ, அவ்வளவு பெட்ரோலைத்தான் முழுமையாக எரிக்க முடியும். காற்று சூடானால் விரியும். அதே ஒரு லிட்டர் இடத்தில் இருக்கும் ஆக்சிஜன் குறையும்.

35 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை சுமார் 1.15 கிலோ. அதுவே 60 டிகிரியில் சுமார் 1.06 கிலோ. ஏறத்தாழ 7.5 விழுக்காடு குறைவு. நம் ஊர் மத்தியான வெயிலில் வெளிக்காற்று 35 டிகிரி வரை போகும். ஜேமில் நிற்கும் காரின் பானட்டுக்கு அடியில் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஆக, என்ஜின் எந்த இடத்திலிருந்து காற்றை இழுக்கிறது என்பது முக்கியம்.

டர்போ இல்லாத காருக்கு இந்தக் கணக்கு இத்தோடு முடிந்தது. டர்போ காருக்குத்தான் இன்னொரு பக்கம் இருக்கிறது.

டர்போ காரில் என்ன வித்தியாசம்?

ஓர் உதாரணம் பார்ப்போம். புரோட்டோனின் 1.6 லிட்டர் சிஎஃப்இ டர்போ என்ஜின். எக்சோரா போல்ட், பிரேவே, சுப்ரிமா எஸ் ஆகிய கார்களில் வந்தது. 1,561 சிசி, 138 குதிரைத்திறன், 205 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இப்போது பழைய கார் சந்தையில் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைப்பதால், முதல் டர்போ காராக இதை வாங்கும் இளையர்கள் இருக்கிறார்கள்.

இப்படி ஓர் என்ஜின் வளிமண்டல அழுத்தத்தைவிட 0.7 பார் கூடுதல் அழுத்தத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். டர்போ காற்றை அமுக்கும்போது அது கடுமையாகச் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுமே, அதே விஷயம்தான்.

டர்போவின் செயல்திறன் 70 விழுக்காடு என்று எடுத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும்:

• 35 டிகிரியில் உள்ளே போகும் காற்று, சுமார் 107 டிகிரியில் வெளியே வரும்.

• 60 டிகிரியில் உள்ளே போகும் காற்று, சுமார் 138 டிகிரியில் வெளியே வரும்.

அடுத்து அந்தக் காற்று இன்டர்கூலருக்குள் போகிறது. வெளிக்காற்று 35 டிகிரி, இன்டர்கூலரும் 70 விழுக்காடு திறனுடன் வேலை செய்கிறது என்றால், முதல் காற்று சுமார் 57 டிகிரிக்கும், இரண்டாவது காற்று சுமார் 66 டிகிரிக்கும் இறங்கிவிடும்.

கவனித்தீர்களா? ஆரம்பத்தில் இருந்த 25 டிகிரி வித்தியாசம், என்ஜினை அடையும்போது 9 டிகிரியாகச் சுருங்கிவிட்டது. அடர்த்தியில் அது 3 விழுக்காட்டுக்கும் குறைவு.

அப்படினா பிரயோஜனமே இல்லையா? இருக்கிறது. காற்று சூடாக இருந்தால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்கும் ‘நாக்கிங்’ அபாயம் கூடும். அதைத் தவிர்க்க, காரின் கணினி தீப்பொறி விடும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். இழுவை குறைவதில் பெரும் பங்கு இதற்குத்தான். அதோடு, ஜேமில் நிற்கும்போது இன்டர்கூலருக்கும் காற்றோட்டம் இருக்காது. அந்த நேரத்தில் ஒவ்வொரு டிகிரியும் கணக்குத்தான்.

ஆகவே நல்ல இன்டேக் தருவது ‘கூடுதல் குதிரைத்திறன்’ என்பதைவிட, ‘வெயிலிலும் ஜேமிலும் இழந்த திறனைக் கொஞ்சம் மீட்பது’ என்று சொல்வதே நியாயம்.

இன்னொரு பலனும் உண்டு. அழுக்கேறிய ஃபில்டர், வளைந்து நெளிந்த குறுகலான குழாய் ஆகியவை காற்றைத் தடுக்கும். டர்போ அதே அழுத்தத்தைக் கொடுக்க இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். மேலே சொன்ன உதாரணத்தில், டர்போவின் வாயில் அழுத்தம் 3 விழுக்காடு குறைந்தாலே, வெளியே வரும் காற்று 4, 5 டிகிரி கூடுதலாகச் சூடாகும். தடையைக் குறைத்தால் டர்போ சீக்கிரம் வேகம் பிடிக்கும்.

கம்பெனி பெட்டியை முதலில் பாருங்கள்

பலர் தவறவிடும் இடம் இது. இன்றைய பெரும்பாலான கார்களில் தயாரிப்பாளர் வைத்த ஃபில்டர் பெட்டியே ஒரு கோல்ட் ஏர் இன்டேக்தான். பானட்டைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் பெட்டியிலிருந்து கறுப்பு நிற பிளாஸ்டிக் குழாய் ஒன்று முன்பக்க கிரில்லை நோக்கிப் போகும். அதன் வாய் ரேடியேட்டருக்கு மேலே, வெளிக்காற்று படும் இடத்தில் இருக்கும்.

அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பளபளக்கும் கூம்பு ஃபில்டரை என்ஜினுக்குப் பக்கத்தில் மூடியில்லாமல் மாட்டினால் என்ன ஆகும்? டர்போவின் ‘ஷ்ஷ்’ சத்தம் நன்றாகக் கேட்கும். நண்பர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் உள்ளே போவது ரேடியேட்டரும் எக்ஸாஸ்டும் சுட்டு அனுப்பிய காற்று. சத்தம் ஏறும், திறன் இறங்கும்.

முதலில் செய்ய வேண்டிய வேலைக்குச் செலவு அதிகமில்லை. பழைய ஃபில்டரை மாற்றுங்கள். அந்த முன்பக்கக் குழாய் உடைந்திருக்கிறதா, கழன்றிருக்கிறதா, உள்ளே இலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய கார்களில் பட்டறையில் கழற்றிய குழாயை மறுபடியும் மாட்டாமலேயே விட்டிருப்பதும் உண்டு. இதைச் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடலாம்.

கட்டுவதற்கு முன் அளவெடுங்கள்

“மாத்தின பிறகு காடி பறக்குது” என்று எல்லாரும் சொல்வார்கள். சத்தம் மாறினாலே வேகம் கூடியது போலத் தோன்றும். மனசு சொல்வதை நம்பாதீர்கள். எண்களை நம்புங்கள்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி-2 முனையில் மாட்டும் சிறிய புளூடூத் ஸ்கேனர் மலிவாகக் கிடைக்கிறது. அதைக் கைப்பேசியுடன் இணைத்து இவற்றைக் குறித்து வையுங்கள்:

1. உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை: பத்து நிமிடம் ஜேமில் நின்றபின், 60 கிலோமீட்டர் வேகத்தில், 110 கிலோமீட்டர் வேகத்தில்.

2. அதே நேரத்தில் வெளிக்காற்றின் வெப்பநிலை.

3. எரிபொருள் திருத்த விழுக்காடு, அதாவது ‘ஃபியூவல் டிரிம்’. குறுகிய காலத்துக்கு ஒன்று, நீண்ட காலத்துக்கு ஒன்று என இரண்டு எண்கள் வரும். இரண்டையும் எழுதி வையுங்கள்.

ஒரு விஷயம்: வெப்பநிலை சென்சார் சில கார்களில் டர்போவுக்கு முன்னால் இருக்கும், சிலவற்றில் இன்டர்கூலருக்குப் பின்னால் இருக்கும், சிலவற்றில் இரண்டு இடத்திலும் இருக்கும். உங்கள் காரில் எது என்று தெரிந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது டர்போவுக்கு முன்னால் உள்ள சென்சார், வெளிக்காற்றைவிட ஐந்தாறு டிகிரி மட்டுமே கூடுதலாகக் காட்டினால், உங்கள் கம்பெனி பெட்டி தன் வேலையை நன்றாகவே செய்கிறது. இதற்கு மேல் இன்டேக் மாற்றிப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. பணத்தைச் சேமித்துவிடலாம்.

என்னென்ன தேவை?

குழாய்: அலுமினியம் நல்லது. லேசானது, சூட்டைத் தாங்கும். ஹார்ட்வேர் கடையில் விற்கும் பிவிசி தண்ணீர்க் குழாய் மலிவுதான், ஆனால் 80 டிகிரியை நெருங்கும்போது இளகத் தொடங்கும். என்ஜின் அறைக்கு அது வேண்டாம்.

இணைப்புகள்: உள்ளே துணி அடுக்கு வைத்துப் பலப்படுத்திய சிலிக்கோன் குழாய். டர்போவுக்கு முன்னால் உள்ள பகுதியில் காற்று வெளியே தள்ளாது, உள்ளே உறிஞ்சும். மெல்லிய ரப்பர் குழாய் போட்டால், நன்றாக மிதிக்கும் நேரத்தில் உறிஞ்சு குழல்போல் சப்பிப்போய்விடும்.

ஃபில்டர்: குழாயின் விட்டத்துக்கேற்ற கூம்பு ஃபில்டர். எண்ணெய் தடவும் பருத்தித் துணி வகையைவிட, எண்ணெய் தேவைப்படாத உலர் வகை புதியவர்களுக்குப் பாதுகாப்பானது. எண்ணெய் அதிகமானால் அது காற்றோடு போய் சென்சாரில் படியும்.

வெப்பத் தடுப்புப் பெட்டி: ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியத் தகடு. ஓரத்துக்கு ரப்பர் பட்டை. கோல்ட் ஏர் இன்டேக்கின் உயிர்நாடி இந்தப் பெட்டிதான்.

வேறு: துருப்பிடிக்காத எஃகு கிளாம்ப்புகள், ரப்பர் புஷ்ஷுடன் கூடிய தாங்கிகள், கம்பெனி குழாயில் இருக்கும் எல்லாச் சிறு குழாய்களுக்கும் தேவையான இணைப்பு முனைகள்.

குழாய் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

‘பெருசா இருந்தா நல்லது’ என்பது தப்புக் கணக்கு. மேலே சொன்ன 1.6 லிட்டர் என்ஜின், 5,000 சுழற்சியில் 0.7 பார் அழுத்தத்தில் ஓடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,500 லிட்டர் காற்றை இழுக்கும். அந்தக் காற்று 63 மில்லிமீட்டர் குழாயில் மணிக்கு சுமார் 106 கிலோமீட்டர் வேகத்திலும், 70 மில்லிமீட்டர் குழாயில் சுமார் 86 கிலோமீட்டர் வேகத்திலும் ஓடும். இரண்டுமே இந்த என்ஜினுக்குச் சிரமமில்லாத வேகம்தான். இதைவிடப் பெரிய குழாய் போட்டால் இடம்தான் அடைக்கும்.

டர்போவின் வாய் என்ன அளவோ, அதிலிருந்து தொடங்குங்கள். அளவு மாற வேண்டிய இடத்தில் திடீரென்று மாறாமல், படிப்படியாக விரியும் இணைப்பைப் போடுங்கள். வளைவுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

செய்யும் முறை

என்ஜின் முழுக்க ஆறிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். எதையும் பிரிப்பதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் குழாய் எங்கே போனது என்று பிறகு மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

1. கம்பெனி பெட்டியையும் குழாயையும் உடைக்காமல் கழற்றி, பத்திரமாக எடுத்து வையுங்கள். ஏன் என்பது கடைசியில் புரியும்.

2. டர்போவின் வாய் திறந்திருக்கும் நேரம் முழுவதும் அதைச் சுத்தமான துணியால் கட்டி வையுங்கள். துணியை உள்ளே திணிக்காதீர்கள். வெளியே சுற்றிக் கட்டுங்கள்.

3. கம்பெனி குழாயில் எத்தனை சிறு குழாய்கள் சேர்கின்றன என்று எண்ணுங்கள். என்ஜினின் எண்ணெய் ஆவியைத் திரும்ப அனுப்பும் குழாய் ஒன்று இருக்கும். மிதியை விடும்போது மிச்ச அழுத்தத்தைத் திருப்பி அனுப்பும் வால்வின் குழாயும் இருக்கலாம். இவற்றில் ஒன்றைக்கூட அடைத்துவிடவோ, திறந்து விடவோ கூடாது. புதிய குழாயிலும் அதே வரிசையில் சேர வேண்டும்.

4. குழாயை அட்டையில் மாதிரி செய்து பார்த்து, பிறகு வெட்டுங்கள். வெட்டிய முனைகளை அரத்தால் தேய்த்து, உள்பக்கம் முழுவதையும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். வெல்டிங் செய்திருந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் துணுக்குகளைச் சுரண்டி எடுங்கள்.

5. பெட்டியை அட்டையில் வடிவமைத்து, தகட்டில் வெட்டி மடியுங்கள். என்ஜின் பக்கம் முழுவதும் மூடியிருக்க வேண்டும். மேல் ஓரத்து ரப்பர் பட்டை, பானட்டை மூடும்போது அதோடு ஒட்ட வேண்டும். கம்பெனி முன்பக்கக் குழாயை இந்தப் பெட்டிக்குள் கொண்டுவந்து சேருங்கள். வெளிக்காற்று வர வழி இல்லாத பெட்டியால் பயனில்லை.

6. என்ஜின் தன் தாங்கிகளில் அசையும். காரின் உடல் அசையாது. ஆகவே என்ஜினோடு சேர்ந்த குழாய்க்கும் உடலோடு சேர்ந்த பெட்டிக்கும் நடுவே வளையக்கூடிய சிலிக்கோன் இணைப்பு அவசியம். பெல்ட், விசிறி, எக்ஸாஸ்ட் எதையும் தொடாமல் குறைந்தது இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

7. எல்லாக் கிளாம்ப்பையும் இறுக்குங்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடியும் இறுக்குங்கள்.

ஒரு விதியை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே, கழன்று விழக்கூடிய எந்தப் பொருளும் இருக்கக்கூடாது. ஸ்குரூ, ரிவெட், பசைத் துண்டு எதுவும் வேண்டாம். டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் சுழலக்கூடியது. அரிசி அளவு இரும்புத் துணுக்கு போனாலும் அதன் இறக்கைகள் சிதைந்துவிடும். சிதைந்த துண்டுகள் அடுத்துப் போகும் இடம் இன்டர்கூலர். அதற்கடுத்து என்ஜின்.

காற்றை அளக்கும் சென்சார்: பலர் மாட்டிக்கொள்ளும் இடம்

சில கார்கள், உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும். ஃபில்டருக்குப் பக்கத்தில், குழாயின் மேல் வயரோடு செருகியிருக்கும் சென்சார்தான் அது. மெக்கானிக்குகள் ‘மாஃப்’ என்பார்கள். வேறு சில கார்கள், இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்கிடும். அது ‘மேப்’ சென்சார். எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

மாஃப் உள்ள கார் என்றால், அந்தச் சென்சார் உட்கார்ந்திருக்கும் குழாயின் உள்விட்டம் மிக முக்கியம். அந்த அளவை வைத்துத்தான் கணினி கணக்குப் போடுகிறது. 70 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 76 மில்லிமீட்டர் குழாய் போட்டால் பரப்பு 18 விழுக்காடு கூடும். அதே காற்று மெதுவாக ஓடும். சென்சார் சுமார் 15 விழுக்காடு குறைவாகக் காட்டும். கணினியும் அந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்கும்.

மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்துத் திருத்திவிடும். ஆனால் முழுதாக மிதிக்கும்போது பல கார்களில் அந்தத் திருத்தம் நடப்பதில்லை. டர்போ முழு அழுத்தத்தில் இருக்கும் அந்த நேரத்தில் பெட்ரோல் குறைந்தால் நாக்கிங் வரும். பிஸ்டன் உடைவதும் ஓட்டையாவதும் இப்படித்தான். எச்சரிக்கை விளக்கு எரிவதற்குள்ளேயே எல்லாம் முடிந்திருக்கும்.

தீர்வு எளிது. கம்பெனி சென்சார் குழாயை அப்படியே வெட்டி எடுத்தோ, ஹாஃப்-கட் கடையில் அதே மாடலின் குழாயை வாங்கியோ பயன்படுத்துங்கள். அம்புக்குறி காட்டும் திசையை மாற்றாதீர்கள். அதன் முன்னால் வலை இருந்தால் பிடுங்காதீர்கள். காற்றோட்டத்தைச் சீராக்குவது அதுதான். சென்சாருக்குச் சற்று முன்னால் கூர்மையான வளைவும் வைக்காதீர்கள்.

மேப் வகைக் கார்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. ஆனால் வெப்பநிலை சென்சார் குழாயில் இருந்தால், அதைப் புதிய குழாயிலும் அதே இடத்தில் பொருத்த வேண்டும்.

மழை, வெள்ளம்: விளையாட்டில்லை

பம்பருக்குப் பின்னால், டயருக்குப் பக்கத்தில் ஃபில்டரை வைத்தால் காற்று நன்றாகக் குளிர்ந்திருக்கும். உண்மைதான். ஆனால் நாம் இருப்பது மலேசியாவில். இரண்டு மணி நேர மழைக்கே கோலாலம்பூர் சாலைகளில் தண்ணீர் ஏறிவிடும். 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் வட்டாரங்களில் வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது.

தண்ணீரை அமுக்க முடியாது. சிஎஃப்இ என்ஜினையே எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டர் 390 சிசி, அமுக்க விகிதம் 8.9. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் வெறும் 49 மில்லிலிட்டர். கால் கிளாஸ் தே தாரிக்கூட இல்லை. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் உள்ளே போனாலே பிஸ்டன் பாதியில் முட்டி நிற்கும். பின்னாலிருந்து தள்ளும் கனெக்டிங் ராடு வளையும், அல்லது உடைந்து என்ஜின் பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

அதனால் ஃபில்டரின் அடிப்பாகம், கம்பெனி குழாயின் வாய் இருந்த உயரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஓர் ஓட்டை வையுங்கள். வெள்ளத்தில் என்ஜின் நின்றுபோனால் மறுபடியும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவே கூடாது. டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

மாட்டிய பிறகு எப்படிச் சோதிப்பது?

என்ஜினை ஓடவிட்டு, இணைப்புகளைச் சுற்றிக் காதை வையுங்கள். ‘சுஸ்ஸ்’ என்ற சத்தம் கேட்டால் காற்று கசிகிறது. ஃபில்டருக்குப் பின்னால் கசிவு இருந்தால், வடிகட்டாத புழுதி நேராக டர்போவுக்குப் போகிறது என்று பொருள். பட்டறையில் புகை விட்டுச் சோதித்தால் கண்ணுக்கே தெரியும்.

பிறகு முன்பு அளந்த அதே மூன்று சூழ்நிலைகளில், அதே நேரத்தில், அதே சாலையில் மறுபடியும் அளவெடுங்கள்.

• ஜேமில் வெப்பநிலை முன்பைவிடக் கூடியிருந்தால், பெட்டியில் எங்கோ இடைவெளி இருக்கிறது.

• ஃபியூவல் டிரிம் முன்பைவிட ஏழெட்டு விழுக்காட்டுக்கு மேல் நகர்ந்திருந்தால், காற்றுக் கசிவோ சென்சார் குழாயில் கோளாறோ உண்டு. அதைச் சரிசெய்யும் வரை வேகமாக மிதிக்காதீர்கள்.

• முடுக்கும்போது ‘கிணுகிணு’ என்று உலோகச் சத்தம் கேட்டால் அது நாக்கிங். உடனே காலை எடுங்கள். கம்பெனி பெட்டியைத் திரும்ப மாட்டுங்கள். அதை எறியாமல் வைத்திருக்கச் சொன்னது இதற்குத்தான்.

முழு வேகச் சோதனைக்கு பிளஸ் நெடுஞ்சாலை இடமல்ல. பட்டறைகளில் ‘டைனோ’ இயந்திரம் இருக்கிறது. சிப்பாங் பந்தயத் தடத்தில் பொதுமக்கள் ஓட்டும் நாள்களும் உண்டு.

சட்டம், காப்புறுதி, உத்தரவாதம்

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், வாகனத்தில் செய்யும் மாற்றங்களைக் கண்காணிப்பது ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறை. என்ஜின், நிறம் போன்ற மாற்றங்களைப் பதிவில் திருத்தியாக வேண்டும். நீங்கள் செய்ய நினைக்கும் வேலை எந்த வகையில் சேரும் என்று வேலையைத் தொடங்கும் முன்பே ஜேபிஜே கிளையில் கேட்டுவிடுவது நல்லது. பிறகு சாலைத் தடுப்பில் நின்று விளக்கம் சொல்வதைவிட அது சுலபம்.

காப்புறுதி விஷயத்தில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஒன்று: இந்த மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டுமா? சொல்லாமல் விட்டால் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரலாம். இரண்டு: என் காப்புறுதியில் வெள்ளச் சேதம் சேர்ந்திருக்கிறதா? நம் நாட்டில் அது வழக்கமாகத் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டிய கூடுதல் பாதுகாப்பு.

புதிய காராக இருந்தால், உத்தரவாதக் காலம் முடியும் வரை பொறுத்திருங்கள். சுயமாகச் செய்த இன்டேக்கோடு போய், “டர்போ போச்சு, மாத்திக் குடுங்க” என்றால் வாதாடுவது கஷ்டம்.

ஆக, செய்யலாமா, வேண்டாமா?

காருக்கு வயதாகிவிட்டது, உத்தரவாதம் முடிந்துவிட்டது, கம்பெனி குழாய் உடைந்திருக்கிறது, கையில் பொறுமையும் கொஞ்சம் வேலைத்திறனும் இருக்கிறது என்றால் செய்யலாம். ஜேமில் வெப்பநிலை சில டிகிரி இறங்கும். டர்போ கொஞ்சம் சுறுசுறுப்பாகும். அதைவிட முக்கியமாக, உங்கள் கார் எப்படிச் சுவாசிக்கிறது என்பது உங்களுக்குப் புரிந்துவிடும்.

திறன் கூட வேண்டும் என்பது மட்டுமே நோக்கம் என்றால், டர்போ காரில் அந்தப் பணம் இன்டர்கூலருக்குப் போவதே பொருத்தம். டர்போ கிளப்பும் சூட்டில் பெரும்பகுதியை இறக்குவது அதுதான்.

சத்தத்துக்காக மட்டும் செய்கிறீர்கள் என்றால், அதிலும் தப்பில்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இருக்கும் ஃபில்டர் மூடிய பெட்டிக்குள், உயரமான இடத்தில், கசிவில்லாமல் இருக்கட்டும். மழைக்காலம் ஒவ்வோர் ஆண்டும் வந்துகொண்டுதான் இருக்கிறது.